பாடவிதியும் பல்லாவரமும்

1911ஆம் ஆண்டின் கோடையிலே, சென்னைக் கிறித்துவக் கல்லூரியிற் பதின்மூன்று ஆண்டு தமிழாசிரியராய் அமர்ந்திருந்த சுவாமி வேதாசலம் என்பார், அப்பணியை விடுத்துத் தம் குடும்பத்தோடு பல்லாவரத்திற் குடிபுகுந்தார். அவ்வாண்டிலேயே துறவுக்கோலம் பூண்டு, சமரச சன்மார்க்க நிலையத்தையும் நிறுவினார். பின்னாளில் மறைமலையடிகள் என நாடு போற்றிய பெரியார் இவரே. அடிகளார் வரலாறு கூறுவோர் பலரும் இப் பெயர்ச்சியை அவர்தம் அகத்துறவின் பயன் என்றே கூறி அமைவர். அது பொய்யன்று. ஆயினும் அதற்கு அணுக்கமான வேறொரு காரணமும் உண்டு. அது திருமடத்திலும் தோன்றவில்லை, திருக்கோயிலிலும் தோன்றவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாடவிதிப் புத்தகத்திலே தோன்றியது.

பட்டப்படிப்புக்களை வகுப்பதும் அவற்றுக்கு ஒப்புதல் அளிப்பதும் அலுவலகக் காரியம் என்றும், சமய நூலாராய்ச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் கருதும் அன்பர் உளர். ஒரு நூல் பாடமாக வைக்கப்படின் அதனைக் கற்பிக்க ஓர் ஆசிரியர் வேண்டும். ஆசிரியர் வேண்டின் அவரைப் பயிற்ற ஒரு மேற்பட்டம் வேண்டும். அப்பட்டம் வேண்டின் நூல் பிழையின்றி அச்சேற வேண்டும். விதியில் ஒரு வரி நீங்கின், இச்சங்கிலி முழுதும் அறும். தமிழுக்கும் சைவ சித்தாந்தத்துக்கும் இது நேர்ந்த வரலாற்றைப் பல்லாவரம், தாம்பரம் என்னும் இரண்டு ஊர்களின் வாயிலாகவே பெரும்பாலும் காணலாகும்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றியது. அக்காலத்தார் அதனைச் சருவகலாசாலை என வழங்கினர். இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைந்த அது, தான் கற்பிப்பதொன்றன்று. கல்லூரிகளைத் தன்னோடு இணைத்து, தேர்வு நடத்தி, பட்டம் வழங்குவதே அதன் தொழிலாயிருந்தது. அதன் பேரவையாகிய செனெட்டில் வாழ்நாள் உறுப்பினராக அரசாங்கத்தார் அமர்த்திய அலுவலரும் நீதிபதியரும் கல்லூரித் தலைவருமே மிக்கிருந்தனர். சிண்டிகேட்டு என்னும் சிறு குழு அன்றாடக் காரியம் பார்த்தது. ஆகவே, எந்தக் கல்லூரி எதனைக் கற்பிக்க விரும்பினும், தேர்வு விதியில் இல்லாததைக் கற்பிப்பது மாணாக்கர்க்குப் பயனற்ற வேலையாய் முடிந்தது. பட்டம் எவ்வழியோ, பாடமும் அவ்வழியே.

இம்முறையிலும் தமிழுக்கு ஒரு நற்பேறு இருந்தது. இப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை ஆவர். தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகை முதலியவற்றையும் ஏட்டினின்றும் அச்சேற்றிய அப்பெருமகனார், ஆங்கிலப் பட்டமும் தமிழ்ப் பதிப்பும் ஒருவரிடத்தே கூடி நிற்றல் இயலும் என்பதைத் தொடக்கத்திலேயே காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பி.ஏ. தேர்வு மூன்று பகுதியாய் நின்றது: ஆங்கிலம் ஒன்று, இரண்டாம் மொழி ஒன்று, மாணாக்கன் தெரிந்தெடுக்கும் கலை ஒன்று. இரண்டாம் மொழி எல்லார்க்கும் உரியதாகலின், தமிழ் நாட்டு மாணாக்கர் பலர் அவ்விடத்தே தமிழை எடுத்தனர். கல்லூரிதோறும் தமிழாசிரியர் வேண்டப்பட்டதற்குக் காரணம் இந்த ஒரு விதியே. தமிழ்ப் பற்று அன்று.

கிறித்துவக் கல்லூரியின் தமிழ்த்துறை இவ்விதியின் நிழலில் வளர்ந்தது. வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் அங்கேயே பயின்று 1892ல் பி.ஏ. பட்டம் பெற்றார். தத்துவமும் தமிழும் ஆகிய இரண்டிலும் சிறந்து தேறிய அவர், தத்துவ ஆசிரியராகும் வாய்ப்பு இருந்தும் தமிழையே தெரிந்துகொண்டார் என்பர். 1898ல் வேதாசலனாரைத் தம் துறைக்குக் கொணர்ந்தவரும் அவரே. அப்போது நிகழ்ந்ததாக ஒரு செய்தி வழங்குகிறது. குற்றியலுகரத்துக்கு எடுத்துக்காட்டுக் கேட்டாராம் சாஸ்திரியார். வந்தவர், ‘அஃது எனக்குத் தெரியாது’ என்றாராம். அருகிருந்தோர் திகைக்க, சாஸ்திரியார் மட்டும் மகிழ்ந்தாராம். அவ்விடையில் ஆய்தத்தொடரும் வன்றொடரும் உயிர்த்தொடருமாக மூவகைக் குற்றியலுகரம் வரிசையாய் நின்றமையை அவர் கண்டுகொண்டார். தனித்தமிழ்ப் பெயராற் பரிதிமாற் கலைஞர் எனப்பட்ட சாஸ்திரியாரும், பின்னர் மறைமலையடிகள் ஆன வேதாசலனாரும் ஒரே கல்லூரியில் ஒருங்கு பணியாற்றிய அவ்வைந்தாண்டுகள், தமிழ்க் கல்வி வரலாற்றில் தனிச் சிறப்புடையன.

இக்காலத்தேதான் முதல் இடர் வந்தது. 1902ல், பல்கலைக்கழகப் பாடத்தினின்றும் தாய்மொழிகளை விலக்கி, வடமொழி முதலிய தொன்மொழிகளையே வைத்தல் வேண்டும் என்னும் முயற்சி எழுந்தது. தாய்மொழிகள் உயர்கல்விக்குரிய இலக்கியப் பழமையும் செம்மையும் உடையன அல்ல என்பது அம்முயற்சியாளர் எண்ணம். சாஸ்திரியாரும், ஆங்கிலப் பேராசிரியராயினும் தமிழ்த் தொண்டிற் குறையாத மு. சி. பூரணலிங்கம் பிள்ளையும் இதனை எதிர்த்தெழுந்தனர். இருவரும் முன்னரே 1897ல் ஞானபோதினி என்னும் திங்களிதழைத் தொடங்கியவர்கள். ஊரூராய்ச் சென்று கற்றாரைக் கண்டு, பேசியும் எழுதியும் அவர் செய்த கிளர்ச்சியால் அம்முயற்சி கைவிடப்பட்டது.

இவ்வெதிர்ப்பின் பயனாகத் தமிழுக்கு ஒரு சொல்லும் கிடைத்தது. தமிழ் வெறும் நாட்டு வழக்குமொழி அன்று, தொன்மொழி வரிசையில் வைக்கத்தக்கது என்று நிறுவுதற்காக, ‘உயர்தனிச் செம்மொழி’ என்னும் தொடரைச் சாஸ்திரியார் தம் தமிழ்மொழியின் வரலாறு என்னும் நூலில் ஆண்டார். அந்நூல் 1903ல் வெளிவந்தது. அவ்வாண்டே நவம்பர் 2ஆம் நாள், முப்பத்துமூன்றாம் வயதில் அவர் மறைந்தார். செம்மொழி என்பதனைப் பலர் இலக்கியப் புகழ்ச்சியாகக் கொள்வர். பிறந்தபோது அது பாடவிதி வழக்கில் எடுத்து வைத்த ஒரு வாதமே என்பதை மறத்தல் ஆகாது.

அடுத்த இடர் இவ்வாறு வெளிப்படையாக வரவில்லை; ஆதலின் அதனைத் தடுப்பாரும் இலராயினர். கர்சன் பிரபுவின் காலத்து 1904ஆம் ஆண்டு இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம், செனெட்டின் உறுப்பினர் தொகையை ஐம்பதுக்கும் நூற்றுக்கும் இடைப்பட அமைத்தது. அவருட் பெரும்பாலார் நியமனம் பெற்றவர். வாழ்நாள் உறுப்பினர் என்னும் முறை நீங்கி, ஐந்தாண்டு என்னும் எல்லை வந்தது. இணைப்புக் கோரும் கல்லூரியின் ஆசிரியர், நூல்நிலையம், கட்டடம், பொருள்நிலை ஆகியவற்றை ஆராயவேண்டும் என்றும் சட்டம் பணித்தது. பல்கலைக்கழகங்கள் தாமே கற்பிக்கவும் இடம் தந்தது. இவை நல்லன. ஆயினும், புதிய விதிகள் அரசாங்க ஒப்புதலின்றி நடைமுறைக்கு வாரா என்பதோடு, அரசாங்கமே அவற்றைத் திருத்தவும் கூட்டவும் வல்லதாயிற்று. பாடத்திட்டத்தின் இறுதிச்சொல் கற்றோர் அவையினின்றும் கோட்டைக்குப் பெயர்ந்தது எனலாம்.

இச்சட்டத்தின் வழி வகுக்கப்பட்ட சென்னை விதிகள், பழைய எப்.ஏ. வகுப்பை நீக்கி இன்டர்மீடியட் வகுப்பைக் கொணர்ந்தன. ஆனர்ஸ் என்னும் சிறப்புப் பட்டத்தையும் நிறுவின. கலைகளுள் ஆழ்ந்து பயில்வதற்கு இம்மாற்றம் பெரிதும் உதவிற்று. வரலாறும் கணிதமும் பௌதிகமும் இதனால் வளர்ந்தன. அவ்வளர்ச்சிக்கு இடம் தேடியபோது, இரண்டாம் மொழிப் பகுதியே கை வைக்கப்பட்டது. தாய்மொழியிற் கட்டுரை வரைதல் என்னும் அளவே பொதுவாய் நிற்க, இலக்கண இலக்கியப் பயிற்சி வேண்டுவார் மட்டும் எடுக்கும் பகுதியாயிற்று. தமிழை விலக்குக என்று எவரும் சொல்லவில்லை. தமிழுக்கு வகுப்பு வேண்டும் என்னும் கட்டாயம் மட்டும் போயிற்று. 1902ல் வாசல் வழியே வர முயன்றது, பத்தாண்டுக்குள் பின்கட்டு வழியே வந்து சேர்ந்தது.

கட்டுரை எழுதுதற்கு ஆசிரியர் பலர் எதற்கு? கல்லூரிதோறும் தமிழாசிரியர் இடங்கள் சுருங்கின. முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரை கண்ட ஒருவர், மாணாக்கர் கட்டுரையில் ஒற்றுப்பிழை திருத்துவதே தொழிலாக அமர்ந்திருத்தல் எங்ஙனம் இயலும்? வேதாசலனார் விலகினார். 1905ல் சைவ சித்தாந்த மகா சமாசம் நிறுவப்படுதற்கு முன்னின்றவரும், ஞானசாகரம் என்னும் இதழை நடத்தி வந்தவரும் ஆகிய அவருக்கு வேறு கல்லூரிகளில் இடம் கிடையாதென்பதில்லை. எனினும் அவர் தேர்ந்தது தென்புறத்துச் சிற்றூராகிய பல்லாவரத்தை. தேர்வுக்கும் பட்டத்துக்கும் புறத்தே நின்று, தாமே ஒரு கல்விநிலையமாக வாழ்தல் அவர் கொண்ட நெறியாயிற்று. அச்சுக்கூடம் அங்கேயே அமைந்தது. பல துறை நூல்களும் வாங்கித் தொகுக்கப்பெற்று, மணிமொழி நூல்நிலையம் உருவாயிற்று. 1916ஐ ஒட்டித் தனித்தமிழ் இயக்கம் எழுந்ததும் அவ்வில்லத்திலேதான். நிலையத்தின் பெயரும் பின்னர்ப் பொதுநிலைக் கழகம் எனத் தமிழாயிற்று.

இதனால் நாடு அடைந்த நன்மை பெரிது. ஆயினும் கணக்கின் மறுபக்கமும் காணல் வேண்டும். அடிகளார் கல்லூரியில் நிலைத்திருந்து, தமிழுக்கும் சித்தாந்தத்துக்கும் மேற்பட்ட வகுப்பு ஒன்று அவரிடத்தே அமைந்திருப்பின், ஆண்டுதோறும் பயின்று வெளிவந்த மாணாக்கர் வரிசை ஒன்று உண்டாகியிருக்கும். தனி மனிதர் நிலையம் அவரோடு பிறந்து அவரோடு ஒடுங்குவது. ஒப்புதல் பெற்ற பட்டவகுப்போ, ஆசிரியர் மாறினும் நிற்பது. 1911ல் இழந்தது ஓர் ஆசிரியரை மட்டும் அன்று.

இழந்ததை மீட்கும் வேலை மெல்ல நடந்தது. பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் 1913ஐ ஒட்டித் தொடங்கிய தமிழ் லெக்சிகன் என்னும் பேரகராதி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939ல் அனுபந்தமாகவும் வெளிப்போந்து, ஏறத்தாழ 1,17,000 சொற்களைக் கொண்டு முற்றிற்று. 1923ஆம் ஆண்டுச் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம், பாடத்திட்டங்களைக் கற்றோரே ஆராய்வதற்கென அகாடமிக் கவுன்சில் என்னும் கல்வி அவையை ஏற்படுத்தியது. பல்கலைக்கழகம் ஆராய்ச்சித் துறைகளைத் தானே நடத்தத் தலைப்பட்டு, 1927ல் கீழ்நாட்டு மொழியாராய்ச்சி நிலையத்தை அமைத்தது. தமிழுக்கு ஒரு துறை அதில் இடம்பெற்றது. பேரகராதியின் பதிப்பாசிரியராய் விளங்கிய ச. வையாபுரிப் பிள்ளை 1936 முதற் பத்தாண்டு அத்துறைக்குத் தலைவராயிருந்தார்.

ஒரு பட்டத்துக்கு மேல் ஒரு பட்டமாகப் படி கட்டப்பட்டமையை ஒருவர் கல்வியைக் கொண்டே காணலாம். மு. வரதராசனார் கல்லூரியிற் பயிலாமலே கற்று, 1935ல் வித்துவான் தேர்வில் முதல்வராய்த் தேறினார். கீழ்நாட்டு மொழிகளுக்குரிய பி.ஓ.எல். பட்டத்தை 1939லும், எம்.ஓ.எல். பட்டத்தை 1944லும் பெற்றார். சங்க இலக்கியத்தில் இயற்கை என்னும் பொருள் பற்றி ஆராய்ந்து, 1948ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு முதல் டாக்டர் பட்டமும் பெற்றார். பதின்மூன்று ஆண்டுகளில் நான்கு படிகள். 1911ல் இவற்றுட் பெரும்பாலானவை இல்லை. சைவ அன்பர்கள் மகிழ்தற்குரிய ஒன்றும் இதில் உண்டு: வித்துவான் தேர்வில் முதல்வராய் வருவார்க்கு 1000 ரூபாய் பரிசு அளித்தது திருப்பனந்தாள் காசிமடம். ஒரு படிப்பை வகுப்பது பல்கலைக்கழகத்தின் வேலை. அதற்கு மாணாக்கரை வருவிப்பது பொருளுடையார் வேலை. மடங்கள் இதனை உணர்ந்த காலத்தில் தமிழ் வளர்ந்தது.

இதற்கிடையில், அடிகளார் விட்டு வந்த கல்லூரியும் அவர் வந்த திசையிலேயே வந்தது. சென்னை நகரின் நெருக்கத்தில் உறைவிடக் கல்வி இயலாதென்று உணர்ந்த கல்லூரித் தலைவர்கள், தாம்பரத்தில் சேலையூர்க் காட்டை அடுத்து 300 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் பெற்றனர். 1931ல் கடற்கரையினின்றும் தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியமை இதற்குத் துணையாயிற்று. நூற்றாண்டு விழாக் கண்ட கல்லூரி 1937ல் அங்கே குடியேறி, மூன்று மாணவர் விடுதிகளோடு பணி தொடங்கியது. பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடை நான்கு கல் தொலைவே. பாடவிதியால் 1911ல் பிரிந்த கல்லூரியும் ஆசிரியரும், இருபத்தாறு ஆண்டு கழித்து, ஒரே இரயில் வழியில் அண்டையூரார் ஆயினர்.

தமிழின் நிலை இவ்வாறு சிறிது சிறிதாகச் சீர்ப்பட, சைவ சித்தாந்தத்தின் நிலை யாது? இவ்விதழின் அன்பர்க்கு இதுவே கருத்தூன்றத்தக்கது. தத்துவம் பல்கலைக்கழகப் பாடங்களுள் ஒன்றாகத் தொடக்கமுதல் இருந்தது. கிறித்துவக் கல்லூரியில் அது நன்கு கற்பிக்கப்பட்டது. ச. இராதாகிருஷ்ணனார் அங்கே தத்துவம் பயின்று, எம்.ஏ. பட்டத்துக்கு வேதாந்தத்தின் ஒழுக்கவியல் பற்றிய ஆய்வுரை எழுதினார். 1908ல் அது அச்சாயிற்று. மேல்நாட்டுத் தத்துவமே தலைமை பெற்ற பாடத்திட்டத்தில், மாணாக்கர் ஒருவர் தம் முயற்சியால் இந்நாட்டுத் தத்துவத்துக்குக் கதவு திறந்த நிகழ்ச்சி அது. 1927ல் பல்கலைக்கழகத்தே தத்துவத்துறை அமைந்தபோது, அதன் தலைமையேற்ற சூ. சூ. சூரியநாராயண சாஸ்திரியாரும் அவர்க்குப் பின் வந்தாரும் வேதாந்த நூல்களைச் செப்பமாகப் பதிப்பித்தும் மொழிபெயர்த்தும் பெரும்பணி புரிந்தனர்.

மெய்கண்ட சாத்திரங்களுக்கு இப்பேறு எளிதில் வாய்க்கவில்லை. இதனைச் சிலர் பகைமை என்பர். பகைமை சிறிது இருந்திருப்பினும் முதற் காரணம் அதுவன்று. பாடத்திட்டக் குழுக்கள் துறைவாரியாக அமைவன. சிவஞானபோதத்தைத் தத்துவக் குழுவினர் கண்டபோது, ‘இது தமிழ் நூல், மூலம் கற்பிக்கத் தமிழாசிரியர் வேண்டும்’ என்றனர். தமிழ்க் குழுவினர் கண்டபோது, ‘இது தருக்கமும் தத்துவமும் பற்றியது, இலக்கியம் அன்று’ என்றனர். குறிப்பிட்ட ஒரு கூட்டத்தில் எழுந்த சொற்களாக இவற்றைக் கொள்ளற்க. குழுக்களின் இயல்பை விளக்குவதற்குக் கூறியன இவை. இரு வீட்டுத் திண்ணைக்கும் உரியதாகிய பொருள், இரு வீட்டு விளக்கும் எட்டாத இடத்தே நின்றது.

இரண்டாம் காரணம் நம்மவர்பாற்பட்டது. பாடத்திட்டம் வகுப்போர் முதலிற் கேட்பது நூற்பட்டியலே. மாணாக்கன் விலைகொடுத்து வாங்கத்தக்க நல்ல பதிப்பு உண்டா? உரை உண்டா? பிறமொழியாளர் பார்த்தற்கு மொழிபெயர்ப்பு உண்டா? மொழிபெயர்ப்பு உண்டாயிருந்தது: ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை 1895லேயே சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார், ஜி. யு. போப்பையர் திருவாசகத்தை 1900ல் வெளியிட்டார். ஜெர்மானியராகிய ஷோமெருஸ் சைவ சித்தாந்தம் பற்றித் தம் மொழியிற் பெருநூல் ஒன்றை 1912ல் இயற்றினார். பிறநாட்டார் கற்றற்கு வழி திறந்திருக்க, சிவஞான முனிவரின் மாபாடியமோ நெடுங்காலம் ஏட்டளவிலே காக்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டிலேதான் அச்சேறியது. உயர்ந்த பொருளாகலின் யாவர் கையிலும் அகப்படலாகாது என்று காத்தவர் கருத்து தூயது. ஆயினும் காவலில் வைத்த நூலைப் பாடமாக வைக்க எந்தக் குழுவாலும் இயலாது.

நூலும் பொருளும் ஆளும் ஒருங்கு கூடியபோது ஒப்புதலும் தானே வந்தது. வ. ஆ. தேவசேனாபதியார் சிவஞான சித்தியாரையும் அதன் அறுவர் உரையையும் ஆராய்ந்து எழுதிய நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1960ல் வெளியிட்டது. காசி இந்துப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய கி. சிவராமனார், சைவத்தைத் தத்துவ நோக்கில் விளக்கும் நூலை 1973ல் வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தே சைவ சித்தாந்தத்துக்கெனத் தனித்துறையும் பின்னர் அமைந்தது. முன்சொன்ன இரு குழுக்களின் இடைவெளிக்கு இதுவே மருந்து: தன் பெயரால் ஒரு துறை, தனக்கென ஒரு பாடத்திட்டக் குழு.

இனித் தாம்பரத்துக்கு மீள்வோம். நாடு விடுதலை பெற்றபின், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் பல்கலைக்கழக மானியக் குழு நிலைபெற்றது. எவ்வெப் பட்டப் பெயர்கள் செல்லும் என்று வரையறுப்பதும் அதன் அதிகாரமாயிற்று. அப்போதும் ஒரு கல்லூரி புதிய எம்.ஏ. வகுப்புத் தொடங்க விரும்பின், பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்து, ஆய்வுக்குழு வந்து நூல்நிலையத்தையும் ஆசிரியர் தகுதியையும் பார்த்துச் சென்று, சிண்டிகேட்டு இசையும் வரை காத்திருத்தல் வேண்டும். பாடத்தில் ஒரு நூலை மாற்றவும் கல்லூரிக்கு உரிமை இல்லை. 1978ல் தன்னாட்சி என்னும் முறை சில கல்லூரிகளுக்கு வழங்கப்பட்டது. தாம்பரத்துக் கிறித்துவக் கல்லூரி அவற்றுள் ஒன்று.

அதன்பின் முறை மாறிற்று. துறையாசிரியர்கள் கூடித் திட்டம் வரைவர்: எத்துணைப் பருவம், எவ்வெத் தாள், எவ்வெ நூல், மாணாக்கர் எத்துணைப் பேர், அவர் பின்னர் என் செய்வர் என்பன அதில் அடங்கும். புறத்து அறிஞரும் பல்கலைக்கழகம் அனுப்பியவரும் அமர்ந்த பாடத்திட்டக் குழு அதனை ஆராயும். பின்னர்க் கல்லூரியின் கல்வி அவை, அதன்பின் ஆட்சிக்குழு. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரால் வரும். 1902ல் சாஸ்திரியார் ஊரூராய் அலைந்து செனெட்டின் வாசலிற் போராடி நிறுத்திய ஒன்றை, அவர் துறையின் வழிவந்தார் தம் வளாகத்துக்குள்ளேயே ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து முடிவு செய்யும் உரிமை பெற்றனர். உரிமையோடு பொறுப்பும் வந்தது என்பது சொல்லாமலே விளங்கும். இனிக் குறை நேரின் கோட்டையைச் சுட்டுதற்கில்லை.

தாம்பரத்தின் மற்றொரு பக்கத்தே இதற்கு மாறானதோர் எடுத்துக்காட்டும் உண்டு. 1928ல் டாக்டர் சௌரிமுத்து காசநோயர்க்கென ஆரோக்கிய நிலையம் நிறுவிய இடம், இரயில் நிலையப் பெயரிலும் சானடோரியம் என்றே நிலைத்தது. அங்கே நடுவணரசின் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 செப்டம்பர் 3ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. பொதுவாக இளநிலை வகுப்புத் தொடங்கிப் பல்லாண்டு கழித்தே முதுநிலை வகுப்பு வருதல் வழக்கம். இந்நிறுவனமோ முதுநிலைப் பட்டத்துக்கென்றே அமைந்தது: மருத்துவம், குணபாடம், சிறப்பு மருத்துவம், குழந்தை மருத்துவம், நோய்நாடல், நஞ்சுநூல் என ஆறு பிரிவு. பிரிவுகளின் பெயர்கள் தாமே தமிழாய் நிற்றலும் காண்க. ஒப்புதலுக்கு இருவர் இசைவு வேண்டியிருந்தது. பாடமுறை வகுத்தது 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த இந்திய மருத்துவ நடுவண் குழு. அதனிடத்தே 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தேசிய ஆணையம் வந்தது. பட்டம் தருவது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்.

சித்தர் மருத்துவம் ஆசான் வழி மாணாக்கன் வழியாகவும் குடிவழியாகவும் வந்தது. அதனைத் தாள் தாளாய் வகுத்தல் தகுமோ என்று ஐயுற்ற பெரியோரும் உளர். அவ்வையம் வெறுத்தற்குரியதன்று. தீக்கையும் குருமொழியும் இன்றிச் சித்தாந்தத்தைத் தேர்வுப் பாடமாக்குதல் தகுமோ என்று திருமடங்களில் எழுந்த வினாவும் இதனோடு ஒத்ததே. பட்டவகுப்பு நூலறிவையே தரும், அனுபவத்தைத் தாராது. ஆனால் நூலறிவும் இன்றி ஒரு தலைமுறை கழியின், அனுபவமுடையார் மொழியை விளங்கிக்கொள்வாரும் அரியராவர் என்பது 1911க்குப் பின் வந்த இருபதாண்டு நிலையால் அறியப்படும்.

சாஸ்திரியார் வாதமாக எடுத்துரைத்த செம்மொழி என்னும் சொல்லுக்கு, நூறாண்டு கழித்து 2004 அக்டோபரில் இந்திய அரசின் ஒப்புதல் கிடைத்தது. அதன்வழி எழுந்த செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் தன் சொந்தக் கட்டடத்தைத் தாம்பரத்துக்குக் கிழக்கே பெரும்பாக்கத்தில் 2022ல் அடைந்தது.

பல்லாவரத்து அடிகளார் 1950 செப்டம்பர் 15ஆம் நாள் இயற்கையெய்தினார். அவர் தொகுத்த ஏறத்தாழ 4000 நூல்களும், பொதுமக்கட்குப் பயன்படல் வேண்டும் என்னும் அவர் விருப்பப்படி, சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார் பொறுப்பில் வந்தன. சென்னை இலிங்கிச் செட்டித் தெருவில் 1958ல் அவர் பெயரால் நூல்நிலையம் திறக்கப்பட்டது. அந்நூல்களிற் பலவற்றின் ஓரங்களில் அடிகளார் கையாற் குறித்த குறிப்புக்கள் காணப்பட்டன. அவர் வகுப்பு நடத்தவியலாத பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சி மாணாக்கர், தம் டாக்டர் பட்டத்துக்கு வேண்டிய சான்றுகளைத் தேடி, அந்நூல்நிலையத்துக்கே வந்து சேர்ந்தனர்.